அதிபர் ஒச்சப்பன் மனைவியை ஜீப்பில் ஏற்றிய கதை

ஒச்சப்பன் தினமும் தன் மனைவியைத் தாண்டித்தான் வேலைக்குப் போவான். சண்டை கிண்டை எதுவும் இல்லை. விடியற்காலையில் சிலமலை பஸ் நிறுத்தத்தில் கருத்தம்மாள் தூக்குவாளியும் கையுமாக இன்னும் பத்துப் பன்னிரண்டு பெண்களோடு நிற்பாள். ஒச்சப்பனின் காலி ஜீப் அந்தப் பக்கமாக வரும். அவன் தலையைக் குனிந்துகொண்டு ஒரு மிதி மிதிப்பான், ஜீப் போய்விடும். இரண்டு பேரும் ஒரே அடுப்பில் காய்ச்சிய காபியைக் குடித்துவிட்டு வந்தவர்கள்தான். இரண்டு பேரும் போக வேண்டியதும் ஒரே மலைக்குத்தான். அவன் ஆள் ஏற்றிக்கொண்டு போவான், அவள் ஏலக்காய் பறிக்கப் போவாள்.

காரணம் ஜீப் சங்கத்துச் சட்டம். மலைக்குப் போகும் ஜீப்புகள் போடி ஸ்டாண்டில் வரிசையில் நின்று, முறை வந்தபின் ஆள் ஏற்ற வேண்டும். வழியில் எங்கும் ஒரு ஆளைக்கூட ஏற்றக் கூடாது. ஏற்றினால் ஒரு வாரம் முறை கிடையாது. எந்தக் காலத்திலோ ஒருவன் ஆளை இன்னொருவன் வழியிலேயே அள்ளிக்கொண்டு போய், அது கைகலப்பாகி, இரண்டு பேருக்கு மண்டை உடைந்து போட்ட சட்டம். மண்டைகள் ஆறிவிட்டன, சட்டம் ஆறவில்லை.

சிலமலைப் பெண்கள் பஸ்ஸைப் பிடித்து ஸ்டாண்டுக்கு வந்து சேர வேண்டும். அந்த பஸ் வந்தால் வரும், வராவிட்டால் வராது. அவர்கள் வந்து சேர்வதற்குள் கடைசி ஜீப்பும் மலை ஏறியிருக்கும். வாரத்தில் இரண்டு நாளாவது கருத்தம்மாள் தூக்குவாளிச் சோற்றை வீட்டுக்கே திரும்பக் கொண்டுவந்து தின்பாள். அன்றைய கூலி போனது போனதுதான்.

"ஊரான் வீட்டுப் பொம்பளைகளையெல்லாம் பத்திரமா ஏத்தி இறக்குறீக. கட்டுனவ ரோட்டுல நிக்கிறா, கண்ணு தெரியல" என்பாள்.

"சட்டம் புள்ள."

"சட்டத்தைப் போட்டவுகளுக்குப் பொண்டாட்டி கிடையாதா?"

சட்டத்தைக் காத்து நின்றவர் முத்துக்கிருஷ்ணன், சங்கத்தின் ஆயுட்காலத் தலைவர் மாதிரி. சங்கத்துச் சாவி, ரப்பர் ஸ்டாம்பு, தீர்ப்பு மூன்றும் அவருடைய சட்டைப் பையில்தான் இருக்கும். யாருக்கு எந்த முறை என்பதை அவர் காலையில் எழுந்த மனநிலை தீர்மானிக்கும். டிரைவர்கள் எல்லோரும் வெறுத்துப் போயிருந்தார்கள். ஆனால் அவரை எடுத்துவிட்டு இன்னொருவரை வைத்தால் அவரும் சட்டைப் பை தைத்துக்கொள்வாரே என்ற பயம்.

அந்த நேரம் பார்த்து ராஜாராம் அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கினார். பழைய ஏலக்காய் வியாபாரி. இரண்டு ஜீப் வாங்கி ஓட விட்டிருந்ததால் சங்கத்திலும் உறுப்பினர். டெக்சாஸில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்தார். அங்கே பேச ஆள் இல்லை. டீக்கடை இல்லை. தெருவில் இறங்கி நடந்தால் நாய்கூட வணக்கம் சொல்லாது. பாவம் மனிதர், பேத்தியின் பள்ளிப் பாடப்புத்தகத்தை எடுத்து அமெரிக்க அரசாங்கம் எப்படி நடக்கிறது என்று முழுதாகப் படித்துவிட்டார். திரும்பும்போது ஒரு பெட்டி நிறையச் சாக்லேட்டும் தலை நிறைய அரசியல் சாசனமுமாக வந்தார்.

ஸ்டாண்டில் கூட்டம் போட்டுச் சொன்னார்: "அங்க அதிபருன்னு ஒருத்தரு இருக்காரு. ஆனா நெனச்சதையெல்லாம் செய்ய முடியாது. சட்டம் போடுறது ரெண்டு சபை. அதை நடத்துறதுதான் அதிபரு. போட்டதும் நடத்துனதும் முறைதானான்னு பாக்குறது கோர்ட்டு. ஒருத்தன் துள்ளுனா மத்த ரெண்டு பேரும் பிரேக்கைப் பிடிச்சிருவாக."

"அப்ப ஒரு வண்டிக்கு மூணு பிரேக்கா அண்ணே?" என்று ஒச்சப்பன் கேட்டான்.

"அதேதான் மாப்ளே!"

"ஆக்சிலேட்டரு யார்கிட்ட?"

ராஜாராம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தார். அன்றைக்கே அந்தப் பதிலை வாங்கியிருந்தால் பின்னால் வந்த வம்பெல்லாம் வந்திருக்காது.

சங்கத்தையும் அப்படியே நடத்திப் பார்ப்போம் என்று முடிவாகி, ராஜாராம் கையால் சாசனம் எழுதப்பட்டது. ஜீப்புகளின் எண்ணிக்கைக்குத் தக்கபடி ஆள் அனுப்பும் கீழ்சபை. மலையில் ஒவ்வொரு ஊருக்கும் ஓடுகிற ஜீப்புகள் ஒரு லைன்; பெரிய லைனோ சின்ன லைனோ, லைனுக்கு இரண்டே பேர் உட்காரும் மேல்சபை. பூப்பாறை லைனில் வரிசை வரிசையாக ஜீப்புகள், உடும்பன்சோலை லைனில் மொத்தமே மூன்று. இரண்டுக்கும் மேல்சபையில் ஒரே மதிப்பு. பூப்பாறைக்காரர்கள் குதித்தார்கள். "சின்னவனைப் பெரியவன் முழுங்கிறக் கூடாதுல்ல, அதுக்குத்தான்" என்று ராஜாராம் அடக்கினார். கீழ்சபை பழைய டயர்க் குவியல் மேல் உட்கார்ந்தது. மேல்சபைக்குச் சிமெண்டு பெஞ்சு.

கோர்ட்டுக்குத் தலைமை நீதிபதியாக, கண்பார்வை மங்கி ஸ்டியரிங்கை விட்ட சின்னச்சாமியைக் கூப்பிட்டார்கள். சாகும்வரை பதவி என்று கேட்டதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதுவரைக்கும் என்னைய ஒருத்தனும் எந்திரின்னு சொல்ல முடியாது?"

"முடியாது அப்பு."

"டீ?"

"சங்கத்துக் கணக்கு."

நீதித்துறை அந்த இடத்திலேயே அமைந்துவிட்டது.

அதிபர் தேர்தலில் முத்துக்கிருஷ்ணன் நின்றார். எதிர்த்து ஒச்சப்பன் நின்றான். நிற்க வைத்தது கருத்தம்மாள். "நீங்க அதிபராகி அந்தச் சட்டத்தை ஒழிச்சுட்டு என்னைய ஏத்துங்க. இல்லாட்டி ஜீப்புலயே படுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டாள்.

ஓட்டை எண்ணினால் முத்துக்கிருஷ்ணனுக்குத்தான் தலைகள் அதிகம். அவர் பூமாலைக்கே சொல்லி அனுப்பிவிட்டார். ராஜாராம் கையைத் தூக்கி, "தலைக்கணக்கு இல்ல, லைன் கணக்கு. ஒரு லைன்ல ஒரே ஒரு ஓட்டு அதிகமா வாங்குனாலும் அந்த லைன் மொத்தமும் அவருக்கு" என்றார். அப்படிப் பார்த்தால் ஒச்சப்பன் ஜெயித்திருந்தான். முத்துக்கிருஷ்ணன், "கூட ஓட்டு வாங்குனவன் தோக்குற ஊரு எங்கயாச்சும் உண்டா?" என்று கத்தினார். அமெரிக்காவிலேயே அப்படி நடந்திருக்கிறது என்று ராஜாராம் பெருமையாகச் சொன்னார். மற்றவர்களுக்கு அது பெரிய ஆச்சரியமாக இல்லை. கோயில் கூட்டத்தில் ஒரு வகையறாவுக்குள் எத்தனை பேர் முறைத்துக்கொண்டு நின்றாலும் சபையில் அந்த வகையறாவுக்கு ஒரே பேச்சுத்தானே?

முத்துக்கிருஷ்ணன் உடும்பன்சோலை லைன்காரர். மூன்று ஜீப்பில் இரண்டு அவருடையது. அந்த லைனின் ஆளாகச் சிமெண்டு பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் விடியலில் ஒச்சப்பன் ஒரு தாளில், "சிலமலையில் ஆள் ஏற்றலாம், இப்படிக்கு அதிபர்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பஸ் நிறுத்தத்தில் ஜீப்பை நிறுத்தினான். அந்த நிறுத்தம் அவன் மனதுக்கு எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? பெண்கள் ஏறினார்கள். கருத்தம்மாள் கடைசியாக ஏறி, "பரவாயில்லையே" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவனுக்குக் கிடைத்த பாராட்டில் அதுதான் பெரியது.

ஸ்டாண்டில் கோர்ட்டு காத்திருந்தது. சின்னச்சாமி டீயை வைத்துவிட்டு, "சட்டம் போடுறது சபை. நீ நடத்துறவன். நடத்துறவன் தாளு எழுதிச் சட்டத்தை மாத்த முடியாது. இறக்கி விடு" என்று தீர்ப்புச் சொன்னார். அதிபருக்கு ஒரு வாரம் முறை கிடையாது. விசாரணை முடிவதற்குள் மற்ற ஜீப்புகள் மலை ஏறியிருந்தன; பெண்களுக்கு பஸ்ஸும் போச்சு, ஜீப்பும் போச்சு. கருத்தம்மாள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஊரைப் பார்த்து நடந்தாள். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒச்சப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. அதிபர் அழக் கூடாது என்று சாசனத்தில் எதுவும் இல்லை, ஆனாலும் அடக்கிக்கொண்டான்.

சரி, முறைப்படியே போவோம் என்று சபைக்குச் சட்டம் கொண்டுபோனான். கீழ்சபை டயர்மேல் உட்கார்ந்தபடியே கையைத் தூக்கிவிட்டது. மேல்சபையில் முத்துக்கிருஷ்ணன் எழுந்தார்.

"நான் கொஞ்சம் பேசணும்."

மேல்சபையில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்வரை அவரை நிறுத்த முடியாது, ஓட்டெடுக்கவும் முடியாது. இதையும் ராஜாராம்தான் எழுதி வைத்திருந்தார். ஜீப்புகள் கிளம்புவதற்கு முந்தைய கொஞ்ச நேரம்தான் சபை நேரம். முத்துக்கிருஷ்ணன் போடிமெட்டுச் சாலையின் முதல் கொண்டை ஊசி வளைவிலிருந்து ஆரம்பித்தார். அந்த வளைவில் எந்த வருடம் எந்த வண்டி நின்றது, யார் தள்ளினார்கள், யார் தள்ளுகிற மாதிரி நடித்தார்கள், எந்த மாப்பிள்ளை பட்டுவேட்டியில் வாந்தி எடுத்தான் என்று விவரமாகச் சொன்னார். இரண்டாவது வளைவுக்கு வரும்போது ஏற வேண்டிய ஆட்கள் வந்துவிட்டார்கள், சபை கலைந்தது. மறுநாள் இரண்டாவது வளைவிலிருந்து தொடர்ந்தார். அந்தச் சாலையில் வளைவு பதினேழு. முடிந்ததும் இறக்கத்தில் திரும்ப வருவேன் என்று எச்சரித்தார்.

சிலமலையில் பஸ் ஒரு நாள் வந்தது, ஒரு நாள் வரவில்லை. வீட்டில் ஒச்சப்பனுக்குச் சோறு கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை.

கடைசியில் முத்துக்கிருஷ்ணனே அவன் தோளில் கை போட்டுக் கூப்பிட்டார். "மாப்ளே, எனக்கென்ன உன் பொண்டாட்டி மேல பகையா? உன் சட்டத்துக்கு நான் ஒத்துக்கிறேன். கீழே ஒரே ஒரு வரி சேத்துக்க. மேலே போற எல்லா ஜீப்பும் போடிமெட்டுல என் மச்சினன் டீக்கடையில அரை மணி நேரம் நிக்கணும். டிரைவருக்கு டீயும் வடையும் இலவசம்."

ஒச்சப்பன் யோசிப்பதற்குள் வடைச் செய்தி டயர்க் குவியலுக்கு எட்டிவிட்டது. இரண்டு சபைகளும் அன்றைக்குக் காட்டிய சுறுசுறுப்பை அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்த்ததில்லை. சட்டம் நிறைவேறி, கையெழுத்துக்காக அதிபர் முன்னால் வந்து நின்றது.

ஒச்சப்பன் பேனாவைத் திறந்தான். அரை மணி நேரம். எஸ்டேட்டில் பேர் கொடுக்கும் நேரம் தாண்டிப் போனால் சூப்பர்வைசர் கையை விரித்துவிடுவார். சிலமலைப் பெண்கள் மட்டுமில்லை, இனிமேல் எந்த ஊர்ப் பெண்ணுக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. டிரைவருக்கு வடை, பறிக்கிறவளுக்குப் பட்டினி. இதில் கையெழுத்துப் போட்டால் நாளைக்கே கருத்தம்மாளை ஜீப்பில் ஏற்றலாம், ஆனால் வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது. தன்னந்தனியாக, யாரையும் கேட்காமல், அதிபரால் செய்ய முடிந்த காரியம் அந்தச் சாசனத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைச் செய்தான். தாளின் குறுக்கே, தன் சட்டத்தின் மேலேயே, "வேண்டாம்" என்று எழுதினான்.

"அதிபருக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு!" என்றார் முத்துக்கிருஷ்ணன். மூன்றில் இரண்டு பங்கு சேர்ந்தால் அதிபரின் 'வேண்டாம்' என்பதைத் தள்ளிவிடலாம் என்று ராஜாராம் சொல்ல, கீழ்சபை வடைக்காக ஒரே மனதாகத் தள்ளியது. மேல்சபையில் ஒரு கை குறைந்து, அதிபரின் 'வேண்டாம்' நிலைத்துவிட்டது. அந்தக் கைக்குரியவர் மகளுக்குக் காது குத்தத் தேவாரம் என்ற ஊருக்குப் போயிருந்தார்.

ஒச்சப்பன் வீட்டுக்கு வருவதற்குள் செய்தி வந்திருந்தது.

"எங்களை ஏத்துற சட்டத்துல நீங்களே வேண்டாம்னு எழுதுனீகளாமே?"

அவன் வடையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான். கருத்தம்மாள் கேட்டு முடித்தாள்.

"வேண்டாம்னு எழுதுனது சரிதான்" என்றாள். ஒச்சப்பனுக்கு மூச்சு வந்தது. "ஆனா ஒன்னு கேக்குறேன். ரெண்டு சபையக் கேட்டீக, கோர்ட்டக் கேட்டீக. மலைக்குப் போறது நாங்க. எங்களுக்கு எது தோதுன்னு என்னைக்காச்சும் எங்களை ஒரு வார்த்தை கேட்டீகளா?"

"சங்கம் ஜீப்பு வச்சிருக்கவுகளுக்குத்தான புள்ள..."

"ஓ" என்றாள். போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், பறிப்புக்காரப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் வாயருகே வைத்துப் பேச ஆரம்பித்தாள். ஒச்சப்பனுக்கு அந்த 'ஓ'வை நினைத்துத் தூக்கம் வரவில்லை.

காலையில் ஸ்டாண்டில் ஜீப்புகள் வரிசையாக நின்றன. பெண்களும் வந்தார்கள். சிலமலை மட்டுமில்லை, போடியைச் சுற்றியிருந்த எல்லா ஊர்ப் பெண்களும். ஆனால் யாரும் ஏறவில்லை. பஸ் நிழற்குடை ஓரமாகத் தரையில் உட்கார்ந்து, மத்தியானத்துக்குக் கொண்டுவந்த சோற்றைப் பிரித்துச் சாவகாசமாகத் தின்றார்கள். டிரைவர்கள், "ஏறுங்க ஆத்தா, வெரசா" என்று கெஞ்சினார்கள். ஒவ்வொரு டிரைவர் பையிலும் போன் அடித்தது. மலையிலிருந்து சூப்பர்வைசர்கள் "வண்டி எவிடே எத்தி?", வண்டி எங்கே வந்திருக்கிறது என்று மலையாளத்தில் கத்தியது பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது.

கருத்தம்மாள் கையைக் கழுவிவிட்டு ராஜாராம் முன்னால் வந்து நின்றாள். "அண்ணே, உங்க அமெரிக்காவுல பொம்பளைகளுக்கு ஓட்டு உண்டா?"

"உண்டு தாயீ. ஆனா மொதல்ல எழுதுறப்போ இல்ல. நூறு வருசத்துக்கு மேல ஆச்சு, சண்டை போட்டுத்தான் வாங்குனாக."

"மொதல்ல ஏன் இல்ல?"

"எழுதுனவுக அதை நெனைக்கல."

"நீங்களும் அதைப் பாத்துத்தான எழுதுனீக? அவுக விட்டதையும் சேத்து விட்டுட்டீகளே அண்ணே."

டெக்சாஸ் பார்த்த மனிதர் அன்று போடி ஸ்டாண்டில் தரையைப் பார்த்தார்.

முத்துக்கிருஷ்ணன் பெஞ்சிலிருந்து எழுந்தார். "ஜீப்பு இல்லாதவுகளுக்கு எப்படி ஆத்தா ஓட்டுக் குடுக்கிறது?"

"ஏற ஆளு இல்லாத ஜீப்புக்கு மட்டும் எப்படிண்ணே ஓட்டு?"

டயர்க் குவியலில் ஒருவன் சிரித்துவிட்டான். பிறகு வரிசையாகச் சிரித்தார்கள். சாசனத்தைத் திருத்துவது லேசுப்பட்ட காரியமில்லை, இரண்டு சபையிலும் மூன்றில் இரண்டு பங்கு, பிறகு லைன்களில் நான்கில் மூன்று பங்கு, அமெரிக்காவில் வருடக்கணக்கில் இழுக்கும் என்று ராஜாராம் விளக்கிக்கொண்டிருந்தார். மறுபடியும் எல்லாப் போன்களும் அடித்தன. சின்னச்சாமியின் டீ ஆறுவதற்குள் திருத்தம் முடிந்துவிட்டது. ஏறுகிற பெண்கள் தனி லைன். மேல்சபைக்கு இரண்டு பேர், கீழ்சபைக்குத் தலைக்கணக்குப்படி. பெண்கள் சோற்றுக் கையோடே கருத்தம்மாளையும் மகாராணி என்பவளையும் மேல்சபைக்கு அனுப்பினார்கள்.

சிலமலைச் சட்டம், வடை இல்லாமல், திரும்ப வந்தது. முத்துக்கிருஷ்ணன், "நான் கொஞ்சம் பேசணும்" என்று முதல் வளைவை ஆரம்பித்தார்.

"நல்லாப் பேசுங்கண்ணே" என்று கருத்தம்மாள் அவருக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள். "எங்களுக்கு இன்னைக்கு வேற சோலி இல்ல."

வரிசையின் முன்னால் நின்றது முத்துக்கிருஷ்ணனின் ஜீப். அதுவும் காலி. அவர் அதை ஒரு தடவை பார்த்தார், பெண்களை ஒரு தடவை பார்த்தார். பட்டுவேட்டி மாப்பிள்ளை வாந்தி எடுப்பதற்கு முன்பாகவே பேச்சு முடிந்துவிட்டது.

மறுநாள் ஒச்சப்பன் விடியுமுன்பே எழுந்து ஜீப்பைக் கழுவினான். தன் பக்கத்தில் இருக்கும் முன் சீட்டைத் துடைத்து, புதுத்துண்டு ஒன்றை நான்காக மடித்துப் போட்டான். பஸ் நிறுத்தத்தில் நிறுத்தி, இறங்கிப் போய்க் கதவையும் திறந்து வைத்தான். இத்தனை நாள் தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போன பாவத்துக்கெல்லாம் அந்த ஒரு சீட்டு பதிலாக இருக்கும் என்று நினைத்திருந்தான்.

கருத்தம்மாள் சீட்டைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்துச் சிரித்தாள். முழங்கால் வலிக்காரி முனீஸ்வரியைக் கைப்பிடித்து அதில் ஏற்றி உட்கார வைத்துவிட்டு, பின்பக்கம் போனாள்.

"ஏ புள்ள, உனக்காகத்தான் போட்டு வச்சிருக்கேன்."

"தெரியுது. முன்னால உக்காந்தா நான் உங்க பொண்டாட்டி. பின்னால உக்காந்தாத்தான் இவுக ஆளு. இவுகதான என்னைய அனுப்பியிருக்காக?"

ஒச்சப்பனுக்கு மனசு சுருக்கென்றது. அவள் சொன்னது நியாயம் என்பதும் அதே நேரத்தில் தெரிந்தது, அதனால் இன்னும் கொஞ்சம் வலித்தது. வண்டியை எடுத்தான். பின்னால் பெண்கள் அடுத்த சட்டத்தைப் பேச ஆரம்பித்திருந்தார்கள். ஒரு ஜீப்பில் எத்தனை பேரைத் திணிக்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு வேண்டுமாம். ஒச்சப்பனின் ஜீப்பையே உதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகக் கருத்தம்மாளின் குரல்தான் கேட்டது. அவன் கண்ணாடியை மெல்லத் திருப்பி, அவள் முகம் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டான்.

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க அதிபரே" என்றாள் பின்னாலிருந்து.